டிக்கிக் கதவு மூடிக்கொண்ட காலை

என் சம்பந்தியம்மா கார் ஓட்டினால் காற்று ஒதுங்கி வழிவிடும், தார்த்தளம் பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும், மேலே பறக்கிற காக்கை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவானத்தில் நின்றுவிடும். சரி, காக்கை கொஞ்சம் அதிகம். தார்த்தளம் சுருண்டதையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் காற்று ஒதுங்கியது நிஜம், அது ஒதுங்கிய பக்கத்தில்தான் என் தொப்பி இருந்தது. மற்றதை எல்லாம் வாசிக்கிறவர்கள் அவரவர் வசதிப்படி குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைத்தாலும் மிச்சம் இருப்பது வாயைப் பிளக்க வைக்கும், அதற்கு நான் பொறுப்பு.

சம்பந்தியம்மா என்றால் என் மருமகளைப் பெற்றவர். தொழில், துணி திருத்துவது. புதிதாக எதையும் தைக்க மாட்டார். பூட்டு ரிப்பேர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவர் கடை. ஒரு தையல் இயந்திரம், ஓர் ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை. பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவார், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பார். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் அவர் பேச்சு பல்லுக்குள்ளிருந்துதான் வரும்.

"துணியை வெட்டலை, உள்ளயே மடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு மாசத்துல பிரிக்கச் சொல்லி வருவீங்க" என்று வாடிக்கையாளரின் வயிற்றைப் பார்த்து முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொன்னபடியே வந்து நிற்கிறவர்களுக்குக் கோபித்துக்கொள்ள ஏது முகம்?

இப்படிப்பட்டவர் பந்தயக் கார் ஓட்டியானதற்குக் காரணம் என் மகன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பவன். ஏழாவது நாளில் தரையில் கொஞ்சம் வேகமாகப் போக ஆசைப்பட்டு, ஆட்டோக்ராஸ் சங்கத்தில் சேர்ந்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே சரக்கு லாரிகள் நிற்கிற பெரிய தளம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அதில் ஆரஞ்சு நிற ரப்பர்க் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். யாரும் யாரையும் இடிக்க முடியாது, கடிகாரத்தோடுதான் சண்டை. கூம்புகளின் அடியைச் சுற்றிச் சுண்ணக்கோட்டில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். இடிபட்ட கூம்பு அந்தக் கட்டத்தை விட்டு முழுசாக வெளியே போய்விட்டால் ஓட்டியின் கணக்கில் இரண்டு விநாடி ஏறும். அங்கே வெற்றியும் தோல்வியும் கண் சிமிட்டுகிற நேரத்தில் பாதிதான் என்பதால் இரண்டு விநாடி என்பது ஓர் ஆயுள்.

சம்பந்தியம்மா முதல் முறை அங்கே போனது மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்ப் பார்த்தார். இறங்கியதும் சொன்னாராம்:

"மாப்பிள்ளை, நீங்க ரொம்ப மரியாதையா ஓட்டுறீங்க."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே அத்தை, அதான்..."

"எனக்குக் காட்டின மரியாதையைச் சொல்லலை. அந்தக் கூம்புக்குக் காட்டுறீங்களே, அதைச் சொல்றேன். ஒவ்வொண்ணுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி விடுறீங்க. அது என்ன உங்க மேனேஜரா?"

அன்று மதியமே சாவியை வாங்கி ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் என் மகனின் நேரத்தை முறியடித்தார். அவன் அன்று வீட்டுக்கு வந்து, பாதி சாப்பாட்டில் கையை நிறுத்தி, "அம்மா, எங்க அத்தை மனுஷியே இல்ல" என்றான். மாமியாரைப் பற்றி ஒரு மாப்பிள்ளை இந்த வாக்கியத்தை இவ்வளவு பக்தியோடு சொல்லி நான் கேட்டதில்லை.

அதிலிருந்து ஒரே காரில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். சங்கத்தில் அதற்கு அனுமதி உண்டு. என் மருமகள் மட்டும் போட்டி பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள். புருஷன் ஓட்டும்போது ஒரு பயம், அம்மா ஓட்டும்போது ஒரு பயம் என்று ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் பயப்பட அவளால் முடியவில்லையாம்.

இப்போது காரைப் பற்றி. பழைய, சின்ன, கூரை உயர்ந்த வண்டி. பார்த்தால் ரொட்டி டப்பா ஞாபகம் வரும். இன்ஜினில் குறை சொல்ல முடியாது. உடம்புதான் வளையும். கார் வளையுமா என்று நானும் கேட்டேன். என் மகன் என்னை அழைத்துப்போய் வண்டியின் பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக் போட்டுத் தூக்கினான். "இப்ப டிக்கியை மூடும்மா" என்றான். மூடினேன். மூடவில்லை. கொக்கி ஓர் இடத்தில், அது மாட்ட வேண்டிய துளை வேறோர் இடத்தில். ஜாக்கை இறக்கினான், கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. இரும்பில் செய்த ஒரு பொருள், ஒரு காலைத் தூக்கினால் இடுப்பை நெளிக்கிறது! நான் மறுபடி மறுபடி தூக்கி இறக்கச் சொல்லிப் பார்த்தேன். மாயாஜாலம் பார்க்கிற குழந்தை மாதிரி இருந்தது.

இதனால் என்ன கெடுதல் என்பதைச் சம்பந்தியம்மா கடைக்குத் திருத்த வந்த ஒரு கோட்டை வைத்து விளக்கினார். காலருக்குள் விறைப்புத் துணி இல்லாத ஒரு கோட்டைத் தூக்கி உதறினார்.

"தோளை இழுத்தா காலர் ஒரு பக்கம் போகுது பாருங்க. வண்டியும் அப்படித்தான். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினா முன்சக்கரம் உடனே கேக்குது. நடு உடம்பு கொஞ்சம் யோசிக்குது. பின்பக்கத்துக்குச் சேதி போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுது."

"நம்ம வீட்டுல நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லி, நீங்க உங்க பொண்ணுகிட்ட சொல்லி, அவ என் பையன்கிட்ட சொல்ற மாதிரி" என்றேன்.

"அதேதான். கடைசியில அவர் வாங்கிட்டு வர்றது வேற சாமானா இருக்கும்."

இதற்கு வழி இல்லாமலில்லை. உடம்பை விறைப்பாக்கலாம். ஆனால் அங்கேதான் கிளாஸ் என்கிற விஷயம் குறுக்கே வருகிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிகளுக்குச் சாதா கிளாஸ். டயர் மாற்றலாம், ஷாக் அப்சார்பர் மாற்றலாம், உடம்பைக் கெட்டிப்படுத்த ஒரு கம்பிகூடச் சேர்க்கக் கூடாது. கம்பி சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினால் நடு கிளாஸ். வெல்டிங் வைத்துவிட்டால் திறந்த கிளாஸ். முடுக்கியதைக் கழற்றலாம், வெல்டிங் வைத்ததைப் பிரிக்க முடியாது, அதனால் திரும்பி வர வழியில்லாத கிளாஸ் அது. அங்கே இருப்பவை கார்களே அல்ல, ராட்சசர்கள். இருக்கை கிடையாது, கண்ணாடி கிடையாது, உள்ளே குறுக்கும் நெடுக்கும் குழாய், பின்னால் புகைக்குப் பதில் இடி.

இந்த விதிகளை எல்லாம் காப்பாற்றுகிறவர் ஒரு குளிர்பதனக் கிடங்கின் கணக்காளர். பட்டப்பெயர் தராசு. எந்தப் பக்கமும் சாய மாட்டார், சிரித்தால்கூட இரண்டு உதடும் ஒரே அளவுதான் விரியும். ஒரு பயிற்சி நாளில் என் மகன் முன்பக்க ஷாக் அப்சார்பர்களின் தலைப்பகுதி இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குக் கம்பியை முடுக்கிக் கொடுத்தான். சம்பந்தியம்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தை, நல்லா இல்லையா?"

"கழுத்துல எலும்பு முளைச்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

தராசு வந்து எட்டிப் பார்த்தார். "கம்பியோட ஓட்டணும்னா நடு கிளாஸ்ல பேர் குடுங்க."

நான் சும்மா இருப்பேனா? "ஒத்தைக் கம்பிதானே ஐயா!"

"ஒத்தைக் கம்பின்னு ஆரம்பிச்சவங்க எல்லாரும் இப்ப திறந்த கிளாஸ்ல இருக்காங்க அம்மா" என்றார்.

சம்பந்தியம்மா அங்கேயே ஸ்பானர் கேட்டு வாங்கிக் கழற்றினார். கம்பெனி கொடுத்த வண்டியோடு வருகிற யாரும் ஜெயிக்கலாம் என்பதுதான் சாதா கிளாஸின் அழகு, அதில் ஜெயித்தால்தான் தனக்கு ஜெயித்த மாதிரி இருக்கும் என்றார். அதன் பிறகு வண்டியின் வளைவோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டார். வளைவு வருவதற்கு முன்பே ஸ்டியரிங்கைத் திருப்புவார், பின்பக்கத்துக்குச் சேதி போய்ச் சேர நேரம் கொடுத்து. தூரத்தில் வருகிற ஆளின் நடையைப் பார்த்தே எந்தத் தோளில் தூக்கல் என்று சொல்கிறவருக்கு அது கைவந்துவிட்டது.

ஆனாலும் முதல் நாலு வருடமும் இரண்டாவது இடம்தான். முதல் இடம் பல் டாக்டருக்கு. அவர் வண்டி புதுசு, போதாததற்கு இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு வளையம். கவிழ்ந்தால் தலையைக் காக்க வைக்கிற வளையம், வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நின்றால் சாதா கிளாஸிலும் அனுமதி. அது தலையையும் காக்கும், போகிற போக்கில் உடம்பையும் விறைப்பாக்கும்.

"டாக்டர், அது உங்க தலையைக் காப்பாத்தவா, முதல் இடத்தைக் காப்பாத்தவா?" என்பார் சம்பந்தியம்மா.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம், முதல் இடம் போனா என் தலையும் போயிடும்" என்பார் அவர். நல்ல மனிதர். தோற்கடிக்கிறவர் நல்லவராக இருப்பது போன்ற எரிச்சல் உலகத்தில் இல்லை.

ஐந்தாவது வருடம் காற்று திரும்பியது. ஒரு போட்டியில் அவர், அடுத்ததில் இவர் என்று புள்ளிகள் ஏறி, கடைசிப் போட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் சமம். அன்றைக்கு யார் முந்துகிறாரோ அவருக்கு வருடக் கோப்பை. சம்பந்தியம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு மேலிருக்கிற பலகையில் நூல்கண்டுகளை எல்லாம் இடது பக்கம் நெருக்கி அடுக்கிவிட்டு, வலது பக்கம் ஒரு சாண் இடத்தைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தார். நான் பார்த்தும் கேட்கவில்லை. இந்த ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை என் குடும்பம் இன்னும் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டியில் துரு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற தகடு, காலணி பட்டாலே உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து டிங்கரிங் பண்ணலாம், அதற்கு விதியில் தடை இல்லை. ஒரே நிபந்தனை, கம்பெனி எப்படி ஒட்டியதோ அப்படியே ஒட்ட வேண்டும். கம்பெனி பொட்டுப் பொட்டாகத்தான் வெல்டிங் வைத்திருக்கும், பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே இடைவெளி.

"மாப்பிள்ளை, இது ஓட்டுத்தையல். ஓட்டுத்தையலாவே போடுங்க. நெருக்கிப் போட்டுடாதீங்க" என்று சம்பந்தியம்மா சொன்னார்.

"சரி அத்தை" என்றான் என் மகன். அவன் சொன்னது சத்தியமாக மனதார.

ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கின் கை அது. ஒரு கயிறு போதும் என்கிற இடத்தில் ஆறு கயிறு போட்டுப் பழகிய கை. இடைவெளி விட்டு நிறுத்துவது என்பது அவனுக்கு ஒரு கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவது மாதிரி. பொட்டு வைத்தான். பொட்டுக்கு நடுவே பார்த்தான். மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீட்டினான். நீட்டியது அடுத்த பொட்டைத் தொட்டது. அப்படியே இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, இரண்டு பக்கமும், அறுந்துபோகாத ஒரே கோடு. தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து முடித்தபோது அவன் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. பத்திரமாகச் செய்ததாகத்தான் நினைத்தான்.

போட்டி நாள் காலை. ஈரத் தளம் காய்ந்துகொண்டிருந்தது. ஆளாளுக்கு டயர் மாற்றுகிற சத்தம். என் மகன் பின்சக்கரத்துக்கு ஜாக் போட்டுத் தூக்கிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனான். சம்பந்தியம்மா டிக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். கதவைச் சும்மா கீழே விட்டார், எப்படியும் மூடப் போவதில்லை என்கிற பழக்கத்தில்.

"டக்."

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இவ்வளவு சின்னச் சத்தம் ஒரு மனிதரை இப்படி நிறுத்தும் என்று நினைத்ததில்லை. ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். கதவைத் திறந்தார். மறுபடி விட்டார். டக். சக்கரம் அந்தரத்தில்தான் இருந்தது.

குனிந்து, கதவுக்குக் கீழே தகட்டின் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக நடத்தினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கோட்டுத் துணிக்கு உள்ளே மறைந்திருக்கிற தையலைத் தடவிப் பார்க்கும்போது அப்படித்தான் மூடுவார்.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இது என்ன?"

"வெல்டிங் அத்தை. பிரமாதமா பிடிச்சிருக்கு. ஆனையைக் கட்டலாம்."

"நடுவுல இடைவெளி எங்க?"

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை... மனசு கேக்கலை அத்தை. ஆள் உக்கார்ற இடமாச்சே, பாதியில விட்டா..."

"திட்டலை. விடுங்க."

"யாரும் அடியில படுத்துப் பார்க்கப் போறதில்ல" என்று அவன் மெதுவாகச் சொன்னான். நானும் சேர்ந்துகொண்டேன். "துரு எடுத்தோம், தகடு வெச்சோம். வேணும்னேவா பண்ணினோம்? இன்னிக்கு ஓட்டுங்க சம்பந்தியம்மா, நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்குப் பேசுறதுக்கு அப்ப அந்தக் கோப்பை பலகையில உக்கார்ந்துட்டு இருக்கும். தினம் தலைக்கு மேல அதை வெச்சுக்கிட்டு என்னால தைக்க முடியாது" என்றார். முதல் முறையாகப் பலகையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

தராசின் மேசைக்குப் போனோம். அவர் வண்டிக்கு வந்து குனிந்து பார்த்தார், படுத்தும் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது சரி. ஆனா நானா உங்களைக் கிளாஸ் மாத்த முடியாது. அதே கிளாஸ்ல ஓட்டுற யாராவது எதிர்ப்பு குடுத்தாத்தான் மாத்தலாம். விதி அப்படி."

விதியைக் காப்பாற்றுகிறவரின் கையை விதியே கட்டிப்போட்டிருந்தது. நான் உள்ளுக்குள் ஒரு துள்ளு துள்ளினேன். பல் டாக்டர் பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எதிர்ப்பு குடுக்க மாட்டேன் மேடம்" என்றார் டாக்டர். "ஒரு கோடு வெல்டிங்குக்காக உங்களை வெளியே அனுப்பிட்டு வாங்கின கோப்பையை நான் எங்க வைப்பேன்? வாங்க, ஓட்டிப் பார்த்துடலாம். உங்களை ஜெயிக்க எனக்கு அந்தக் கோடு ஒரு தடையே இல்ல."

"பார்த்தீங்களா!" என்றேன் நான். "டாக்டரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன?"

சம்பந்தியம்மா தராசிடம் திரும்பினார். "அதே கிளாஸ்ல ஓட்டுற யார் வேணும்னாலும் குடுக்கலாமா?"

"யார் வேணும்னாலும்."

"நானும் அந்தக் கிளாஸ்தானே?"

தராசு தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். நாற்காலியில்தான். "உங்க வண்டிமேல நீங்களேயா?"

"கூடாதுன்னு இருக்கா?"

அவர் யோசித்தார். விதிகள் எல்லாவற்றையும் தலைக்குள் ஒரு தடவை புரட்டினார் என்பது கண்ணிமையில் தெரிந்தது. "இல்ல. கூடாதுன்னு எங்கயும் இல்ல. யாருக்கும் தோணலை."

"அப்ப எழுதிக்குங்க, திறந்த கிளாஸ்னு."

டாக்டர் காபிக் குவளையைக் கீழே வைத்தார். நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். மேடையில், மாலையோடு, ஒலிபெருக்கியோடு. தன் கையெழுத்தால் தன் கோப்பையைத் தள்ளிவிட்டு, பேனாவை மூடிக் கொடுத்து நன்றி சொன்ன ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

என் மகன் அன்று ஓட்டவில்லை. வண்டி எந்தக் கிளாஸோ ஓட்டியும் அந்தக் கிளாஸ். தனக்கு அந்த ராட்சசர்களோடு நிற்கத் தைரியமில்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். "மாப்பிள்ளை, அழுறதுன்னா டயர்ல காத்து பார்த்துட்டு அழுங்க" என்றார் அவன் அத்தை.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். எனக்குக் கடைசி வளைவில் ஒரு மடக்கு நாற்காலியும், சிவப்புக் கொடியும், பளபளக்கிற மஞ்சள் சட்டையும் கொடுத்திருந்தார்கள். என் வளைவில் கூம்பு விழுந்தால் கொடியைத் தூக்கிக் காட்டி, கூம்பைத் திரும்ப நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வளைவுக்கு நான்தான் அரசாங்கம்.

திறந்த கிளாஸ் கிளம்பியது. ஒவ்வொரு ராட்சசனும் போகும்போது என் விலா எலும்பு தாளம் போட்டது. அவற்றின் நடுவில் ரொட்டி டப்பா வரிசையில் நின்றது. யாரோ சிரித்தார்கள். என் பார்வை பட்டதும் நிறுத்தினார்கள்.

ஆளுக்கு மூன்று சுற்று, அதில் சிறந்த நேரம்தான் கணக்கு. முதல் சுற்றில் சம்பந்தியம்மா தடுமாறினார். அவர் கை இத்தனை வருடமாக வளைகிற வண்டிக்குப் பழகியது. வழக்கம்போல முன்கூட்டியே திருப்பினார், ஆனால் இந்த வண்டி யோசிக்கவில்லை, சொன்னவுடன் திரும்பிவிட்டது. உள்பக்கக் கூம்பை மோதித் தூக்கி எறிந்தார். அவருடைய திறமையே அவருக்கு எதிராக நின்றது. ஊமையோடு சைகையிலேயே பேசிப் பழகியவரிடம், திடீரென்று ஊமை வாய் திறந்து பேசினால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டாவது சுற்றில் தாமதித்துத் திருப்பிப் பார்த்தார். பாதி வளைவுகள் சரி, பாதி சந்தேகம்.

மூன்றாவது சுற்றுக்கு முன்னால் வண்டிக்குள் வெகுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புறப்பாட்டுக் கொடி இறங்கியது.

எப்படிச் சொல்வது? நான் பொய்யும் மெய்யும் கலந்து சொல்வதில் பேர் போனவள், ஆனால் இந்த இடத்தில் கலக்க ஒன்றும் தேவைப்படவில்லை. முன்பெல்லாம் அந்த வண்டி ஒரு வளைவில் தலை, வயிறு, வால் என்று மூன்று தவணையில் திரும்பும். அன்றைக்கு முழுசாக, ஒரே மூச்சில் திரும்பியது. கத்தரி துணிக்குள் போவதைப் பார்த்திருப்பீர்கள், நல்ல கையில் அது வெட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். அப்படி வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தடுத்து நின்ற கூம்புகளின் வரிசையில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். எங்கேயும் அவசரம் தெரியவில்லை. வேகம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. டயர்கள் கத்தவில்லை, ஒரே சுதியில் முனகின. சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். ராட்சசர்களின் சொந்தக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பல் டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

என் வளைவுக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. கடையில் ஊசிக்கு நூல் கோக்கிறபோது இருக்கிற அதே முகம். ஐந்து வருடம் காத்திருந்த கோப்பையைக் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவரின் முகத்தில், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வளைவு மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு நொடி எனக்கு அவர் என் மருமகளின் அம்மா அல்ல, பக்கத்துத் தெருத் தையல்கடைக்காரர் அல்ல, எனக்குத் தெரிந்தவரே அல்ல. உடம்பெல்லாம் புல்லரித்தது. என் தொப்பி பறந்தது. வண்டி போனது. என் கூம்பு அதன் கட்டத்துக்குள்ளேயே கம்பீரமாக நின்றது.

கோப்பை டாக்டருக்கு. அதை வாங்கியவர் நேரே எங்களிடம் வந்து, "மேடம், உங்க மூணாவது சுற்று நேரத்தை இந்தக் கிளாஸ்ல நான் இன்னொரு பிறவி எடுத்து வந்தாலும் தொட முடியாது" என்றார். திறந்த கிளாஸிலோ, அத்தனை ராட்சசர்களில் ஒரு ராட்சசனை ரொட்டி டப்பா முந்தியே விட்டது. கடைசிக்கு முந்தின இடம். உலகத்தில் இதைவிட உயர்ந்த கடைசிக்கு முந்தின இடம் கிடையாது.

இதுவரை எழுதியதைச் சம்பந்தியம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் காதில் போட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. என் கோட்டின் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தவர், முழுதும் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்.

"எல்லாம் சரி சம்பந்தியம்மா. ஒண்ணு மட்டும் மாத்தணும்."

"எதை?"

"உங்க வளைவுல கூம்பு விழுந்துச்சு. கட்டத்தைத் தாண்டி ஒரு முழம் போய்க் கிடந்துச்சு. நீங்க தொப்பியைப் பொறுக்குற மாதிரி எழுந்து வந்து, கொடியைத் தூக்காம, காலால அதை உள்ள தள்ளி நிறுத்துனீங்க. நான் கண்ணாடியில பார்த்தேன். இறங்கினதும் தராசுகிட்ட சொல்லி ரெண்டு செகண்டு சேர்த்துக்கச் சொல்லிட்டேன். நான் யாரையும் முந்தலை, கடைசிதான். அப்படியே எழுதுங்க."